ஏழு தண்ணீர்

எங்கள் வீட்டில் சோறு ஆக்குவது நான். மனைவிக்குத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு. கல்யாணமான இரண்டாம் மாதமே, "குழம்பு நான் வச்சிர்றேன், சோத்த நீங்க ஆக்கிருங்க" என்று சொல்லிவிட்டாள். இதைக் கோயில் கூட்டத்தில் சொன்னால் ஆண்கள் சிரிப்பார்கள், பெண்கள் தங்கள் புருஷனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும். முப்பது வருஷமாக அந்தப் பெருமைக்குப் பின்னால்தான் இந்தக் குற்றத்தை ஒளித்து வைத்திருந்தேன்.

இரண்டு கப் அரிசிக்கு நான் ஏழு தண்ணீர் கழுவுவேன். ஏழு என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். பிடித்துக் கழுவிக் கொட்டினால் அல்லவா எண்ண முடியும்? நான் குழாயைத் திறந்துவிட்டு, அது பாட்டுக்கு ஓட, கையை உள்ளே விட்டு அளைந்துகொண்டே இருப்பேன். தண்ணீர் முதலில் பாலாக வரும், பிறகு மோராக, பிறகு கஞ்சித் தெளிவாக. கடைசியில் கண்ணாடியாக வரவேண்டும். ரைஸ் குக்கர் பானையின் உள்பக்கம் கோடு போட்டு எண் எழுதியிருப்பான் அல்லவா, அரிசிக்கு மேலே நிற்கிற தண்ணீர் வழியாக அந்த எண் பளிச்சென்று தெரிகிறவரை குழாயை மூடமாட்டேன். கேட்டால் சுத்தம் என்பேன்.

அது சுத்தம் இல்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் சொல்லவில்லை. சொன்னாலும் தேட முடியாது. பால்மரம் போய், செம்பனை போய், இப்போது அங்கே ஒரு வீடமைப்புத் தாமான் இருக்கிறது. இடைநிலைப் பள்ளிக்கு டவுனுக்குப் போன முதல் வருஷம், அம்மா டிபனில் புழுங்கல் அரிசிச் சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக் கொடுப்பார். டவுனில் கடை வைத்திருந்தவரின் பையன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான். சம்பலுக்காகத்தான் உட்காருவான். ஒருநாள் என் சோற்றில் ஒரு வாய் எடுத்தவன் முகம் கோணியது. கடக்கென்று சத்தம் எனக்கே கேட்டது. விரலால் வாயைத் துழாவி மிளகளவு கல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். திட்டவில்லை. "தோட்டத்து அரிசியா?" என்று மட்டும் கேட்டான்.

அவனுக்கு இன்று நினைவிருக்காது. நான் அந்தக் கல்லை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சண்டை போட்டேன். அரிசி களையத் தெரியாதா என்று கேட்டேன். அது எவ்வளவு பெரிய பொய் என்பதை இப்போது எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அம்மாவைப்போல் அரிசி களைந்தவர்களை நான் பிறகு பார்க்கவே இல்லை.

எங்கள் லயத்துக்குக் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். மாலைத் தண்ணீர் நாலு மணிக்கு. அம்மா வெட்டு முடித்து, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வர இரண்டு ஆகிவிடும். ஆகவே மத்தியானச் சோறு எப்போதுமே டிரம் தண்ணீரில்தான். (தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் தரவேண்டும் என்று பின்னால் வந்த 1990ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ‘போதுமான’ என்பதை எந்த வாளியால் அளந்தார்களோ.)

பால் டின்னால் அளந்த அரிசியை முதலில் முறத்தில் போட்டுப் புடைப்பார். தவிடும் நொய்யும் முன்னால் ஓடும், கல் பின்னால் தங்கும். பிறகு முதல் தண்ணீர்: அரிசி மூழ்கும் அளவுக்கு ஒரு செம்பு, அவ்வளவுதான். இரண்டு சுற்று சுற்றி உடனே சாய்த்துவிடுவார். அதை ஊறவிடக்கூடாது, அழுக்கு வாசத்தை அரிசி குடித்துவிடும் என்பார். அந்தத் தண்ணீர் கழனிப் பானைக்கு. பக்கத்து லயத்து மாட்டுக்காரர் சாயங்காலம் வந்து எடுத்துப்போவார். இரண்டாவது தண்ணீரில்தான் வித்தை. சட்டியைச் சாய்த்து, லேசாக ஆட்டி ஆட்டி, அரிசியையும் தண்ணீரையும் சேர்த்தே இன்னொரு சட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகவிடுவார். அரிசி மிதந்து போகும், கல் அடியில் நின்றுவிடும். அரிப்பது என்பது அதுதான். மறுபடி அதே தண்ணீரிலேயே திரும்ப அரிப்பார். கடைசியில் வடித்த அந்த இரண்டாம் தண்ணீரில் புளியை ஊறப்போடுவார். குழம்பு கெட்டியாக வரும். மூன்றாவதாக ஊற்றுவது ஊறவைக்கிற தண்ணீர். அடுப்பு மூட்டி உலை கொதிக்கும்வரை அரிசி அதில் கிடக்கும். பிறகு அந்தத் தண்ணீரோடு சேர்த்தே உலையில் கவிழ்ப்பார். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு எங்களுக்கு ஒரு டம்ளர். மிச்சம் அப்பாவின் வேட்டிக்கு.

கூட்டிப் பார்த்தால் மூன்று செம்பு. கீழே போனது ஒரு சொட்டும் இல்லை.

அப்படிக் களைந்த அரிசியிலும் ஒரு கல் தப்பியது. அவ்வளவுதான் நடந்தது. அன்று அம்மா சண்டைக்கு வரவில்லை. மறுநாள் முதல் முறத்தோடு வாசல் வெளிச்சத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

பிறகு நான் ஈப்போவுக்கு வந்தேன், வேலை, வீடு. இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வருகிற குழாய். அந்தக் குழாயை முதன்முதலில் முழுதாகத் திறந்துவிட்டு நின்றது நினைவிருக்கிறது. யாருக்கோ பதில் சொல்வதுபோல் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிற தண்ணீர் உலு கிந்தா மலையில் சுல்தான் அஸ்லான் ஷா அணையில் தேங்கி, சுத்திகரித்து, குளோரின் போட்டு வருவது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. தண்ணீர் பில்லும் என்னை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்க வைத்ததில்லை. பேராக்காரனுக்குத் தண்ணீர்க் கவலை என்பது கிள்ளான் பள்ளத்தாக்குக்காரனின் சங்கதி. தைப்பிங்கில் மத்தியானம் மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டி விளையாடிய ஜனம் நாங்கள்.

தோட்டத்தை விற்றதும் அம்மா எங்களோடு வந்தார். வந்த முதல் வாரமே சிங்க்குக்குள் ஒரு பிளாஸ்டிக் பேசினைப் போட்டார். அரிசி களைந்த தண்ணீர் அதில் விழும். பின்வாசலில் இருந்த கறிவேப்பிலைக்குப் போகும். புளியையும் அதில்தான் ஊறவைத்தார். நான் ஏழு தண்ணீர் கழுவுவதை ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றவர், "போதும்ப்பா, சத்தெல்லாம் போயிருது" என்றார். "இது பழைய அரிசி இல்லம்மா" என்றேன். அவர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்திருந்தார்கள். பின்வாசலில் கழனித் தண்ணீர் பேசின் இருந்தது. லேசாகப் புளித்த வாடை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வேலியருகே நின்றிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. எல்லாரும் போனபிறகு அம்மாவிடம் சொன்னேன்: "இப்படித் தண்ணி தேக்கி வச்சா ஏடிஸ் கொசு வரும், டெங்கி வரும். சுகாதார இலாகாக்காரன் பார்த்தா 500 வெள்ளி அபராதம்." அபராதம் உண்மைதான். ஆனால் ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். அம்மா பேசினைத் தினமும் இரண்டு தடவை காலி செய்தார். அதுவும் எனக்குத் தெரியும். ஆகவே அவர் அசையவில்லை என்று கண்டதும் உண்மையைச் சொன்னேன்: "இது தோட்டம் இல்லம்மா."

பேசின் அன்றே சிங்க்கிலிருந்து எழுந்துவிட்டது. இத்தனை சொல்லவந்ததும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

‘சத்து போயிருது’ என்று அம்மா சொன்னது வெறும் வழக்குப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். அது இந்த மண்ணிலேயே, எங்கள் ஜனத்தை வைத்தே தெரிந்துகொண்ட சங்கதி என்பதைப் பின்னால்தான் படித்தேன். நூறு வருஷத்துக்கு முன் மலாயாவில் ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளிகள் பெரிபெரி வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கால் வீங்கும், நடை போகும், இதயம் நிற்கும். பக்கத்திலேயே தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களுக்கு அது அபூர்வம். நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற வெள்ளைக்கார டாக்டர் இரண்டு பேரின் தட்டையும் பார்த்தார். சீனர் சாப்பிட்டது தீட்டிய சயாம் பச்சரிசி, தமிழர் சாப்பிட்டது புழுங்கல். 1907-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் நினைத்த காரணம் தப்பு. அரிசியைக் கைகாட்டியது சரி. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து பிரேசரும் ஸ்டாண்டனும் அதைத் தொடர்ந்து சோதித்து, அரிசியைத் தீட்டுவதில்தான் கோளாறு என்று நிறுவினார்கள். தவிட்டோடு போனது பி1 என்ற உயிர்ச்சத்து. நெல்லை அவித்தால் அந்தச் சத்து கொஞ்சம் உள்ளே இறங்கி அரிசியில் தங்கிவிடுகிறது. பச்சரிசியில் மிஞ்சியிருப்பதோ மேலோடு ஒட்டியிருக்கிறது, தண்ணீரில் கரையக்கூடியது. நான் இப்போது வாங்குவது தீட்டிய வெள்ளை அரிசி. அதைத்தான் கண்ணாடியாகும்வரை கழுவுகிறேன்.

அந்தப் பால்வெள்ளை அழுக்கே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆலையில் தீட்டும்போது ஒன்றோடொன்று உரசி அரிசிமேல் படிகிற மாவு அது. எத்தனை கழுவினாலும் அரிசி கொஞ்சம் மாவு விட்டுக்கொண்டேதான் இருக்கும். இப்போதெல்லாம் கல்லை ஆலை எந்திரமே பிரித்துவிடுகிறது. தூசி போக இரண்டு தண்ணீர் போதும். சோறு உதிரியாக வேண்டுமென்றால் மூன்றாவது. அதற்குமேல் ஊற்றுவதெல்லாம் ஆளின் குணத்தைப் பொறுத்தது.

2023 என்னை இன்னும் நன்றாகக் காட்டிக்கொடுத்தது. ஜூலை மாதம் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் தேதி, அரிசியை இறக்குமதி செய்கிற பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆக ஏற்றியது. உள்ளூர் அரிசி கடைகளில் தட்டுப்பட்டால் சொல்லி அனுப்பினார்கள். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வலைச் சல்லடை வாங்கி வந்தேன். கழுவும்போது நாலு அரிசி சிங்க்கில் ஓடிவிடக்கூடாது அல்லவா? சல்லடை ஒரு பருக்கையையும் விடவில்லை. அதன்மேல் குழாய் முன்னைவிடத் தாராளமாக ஓடியது. சல்லடை இருக்கும்போது பயமே இல்லை பாருங்கள்.

சென்ற வருஷம் குழாய்ப் பழுது என்று எங்கள் தாமானில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வாளியில் பிடித்து வைத்திருந்தோம். அந்த இரண்டு நாளும் என் கை தானாகவே அம்மாவின் கையாகிவிட்டது. ஒரு செம்பு, சுற்றி உடனே சாய்ப்பு, இன்னொரு செம்பு, பிறகு குக்கருக்கு வேண்டிய தண்ணீரையே அளந்து ஊற்றி அதிலேயே அரைமணி நேரம் ஊறல், அப்படியே சுவிட்ச். ஊறின அரிசி தன் எடையில் ஏறக்குறைய கால்பங்குத் தண்ணீரை முன்கூட்டியே இழுத்துக்கொள்வதால் நடுவில் அரைவேக்காடு நிற்காமல் வெந்துவிடுகிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது என் பழைய வழக்கம். ஊறவைத்ததன் புண்ணியத்தில் பாதியை அப்படித்தான் சிங்க்கில் விட்டுக்கொண்டிருந்தேன். மனைவி சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு அரிசி மாத்திட்டீங்களா? நல்லாருக்கு" என்றாள். மாற்றவில்லை என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. நான் குழாயைத் திறந்தேன். முழுதாக.

நாலைந்து நிமிடம் கழித்து எனக்கே அசிங்கமாக இருந்தது. மறுநாள் பெயின்ட் வாளி ஒன்றைக் கொண்டுவந்து சிங்க்கின் கீழே வடிகுழாயைக் கழற்றி அதன் அடியில் வைத்தேன். பத்து லிட்டர் வாளி. வழக்கம்போல் கழுவினேன், இதற்காகக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. வாளி நிறைந்தது. காலி செய்துவிட்டு மறுபடி வைத்தேன். நிறைந்தது. மூன்றாவது தடவை அடியில் இரண்டு விரல்கடைத் தண்ணீர் நின்றது. இருபத்திரண்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அரிசி 300 கிராம். அது வேகத் தேவைப்பட்டது அரை லிட்டர் சொச்சம்.

வருஷத்துக்கு 8,000 லிட்டர். பணமாகப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வெள்ளி ஆனால் அதிகம். முப்பது வருஷமாக என்னை யாரும் பிடிக்காததற்கு அதுதான் காரணம்.

இதை மனைவியிடம் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, ஒரு சாக்கையும் கூடவே எடுத்துப்போனேன். ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமும் சேர்த்து சராசரி 2,500 லிட்டர் பிடிக்கும் என்று அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையமே சொல்கிறது, அதற்கு முன்னால் என் இருபத்திரண்டு லிட்டர் என்ன பெரிசு என்றேன். ஆள் தெரியாமல் சொல்லிவிட்டேன். அவள் பாகான் செராய்க்காரி. கெரியான் வட்டாரம், 1906-இல் கட்டி முடித்த புக்கிட் மேரா ஏரித் தண்ணீரில் விளைகிற வயல்கள். அவளுடைய பெரியப்பா குத்தகைக்கு வயல் பார்த்தவர். 2016 எல் நினோவில் அந்த ஏரி வற்றிப்போய்க் கிடந்தபோது நாங்கள் அங்கே போயிருந்தோம். பெரியப்பா வரப்பில் நின்று, காலால் ஒரு மண்கட்டியை உருட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அந்த ரெண்டாயிரத்து ஐந்நூறு அரிசியாச்சுங்க. உங்க இருபத்திரண்டு என்னாச்சு?" என்றாள்.

பதில் இல்லை. பேசினைத் தேடினேன். அம்மாவுடைய பழைய பேசின் ஸ்டோர் அறையில், பாத்திரங்களுக்கு அடியில் இருந்தது. நீலம், ஓரத்தில் வெடிப்பு. சிங்க்கில் போட்டேன். முதல் நாள் தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனால் அங்கே கறிவேப்பிலை இல்லை. எப்போதோ காய்ந்து, நானே பிடுங்கிப் போட்டிருக்கிறேன். பேசினைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஊற்றுவது என்று நின்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சீன ஆன்ட்டி கையை நீட்டினார். "பாவா சினி," என்றார். கொண்டா இங்கே. வாங்கிப் போய் வரிசையாக இருந்த பாண்டான் இலைச் செடிகளுக்கும் ஒரு பெரிய மிளகாய்ச் செடிக்கும் ஊற்றினார். ஊற்றுகிறவிதத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது அவருக்குப் புதிதில்லை. பேசினைத் திருப்பிக் கொடுக்கும்போது மலாயில் சொன்னார்: "உன் அம்மா தினமும் தருவார். நீ வேலைக்குப் போனபிறகு."

நான் அந்த வாக்கியத்தைச் சொன்னதற்குப் பிறகும் நாலு வருஷம் அம்மா எங்களோடு இருந்தார். அந்த நாலு வருஷமும் கழனித் தண்ணீர் வேலி தாண்டிப் போயிருக்கிறது. அரைகுறை மலாயில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்களோ. ஆன்ட்டியின் அம்மாவும் அப்படித்தானாம். புதுக்கிராமத்தில் பன்றிக்கு வைப்பாராம். தலைகூட அதில் அலசுவாராம். யார் பார்த்துவிடுவாரோ என்று நான் வெட்கப்பட்டேனோ அவரேதான் அந்தத் தண்ணீருக்குக் காத்திருந்தவர். மனைவியிடம் போய்க் கேட்டேன். "தெரியும்" என்றாள். "அத்தை சொல்லவேணாம்னாங்க."

இப்போது தினமும் இரண்டு தண்ணீரில் நிறுத்திவிடுகிறேன் என்று எழுத ஆசைதான். வாரத்தில் நாலு நாள் நிறுத்துகிறேன். மிச்ச நாளில், அவசரமாக இருக்கும்போதோ, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போதோ, கை போய்க் குழாயைத் திறந்துவிடுகிறது. பேசினை எடுத்து ஓரமாக வைத்திருப்பதைப் பிறகுதான் பார்க்கிறேன். அப்படிப்பட்ட நாளில் பத்து மணிவாக்கில் வேலிப்பக்கம் குரல் கேட்கும். "ஆயிர் பெராஸ் மானா?" அரிசித் தண்ணீர் எங்கே?

நேற்று மழை வந்துவிட்டதே, செடிக்கு எதற்கு என்கிறேன். ஈப்போவில் அது பெரும்பாலும் எடுபடும்.